நிமிர்ந்த முதுகும் பிடித்த நாரியும்: நடிகரின் உடற்பிரக்ஞை பற்றிய ஒரு விவாதம்

நமது அரங்கப் பட்டறைகளில் சில வருடங்களாக ஒரு சொல் மந்திரம்போல் உச்சரிக்கப்பட்டு வருகிறது: நடுநிலை உடல். நடிகர் முதலில் தனது உடலின் பழக்கங்களைக் கழற்றிவைக்க வேண்டுமாம். கூனல், தோள் இறுக்கம், ஒரு காலில் பாரம்போட்டு நிற்றல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்சட்டைப் பையைத் தேடுதல் எல்லாவற்றையும் களைந்துவிட்டு, எதையும் எழுதத்தக்க வெற்றுத்தாளாக வரவேண்டும். அதன் பின்னரே பாத்திரம். இவ்விதழில் நண்பரொருவரும் இதே நிலைப்பாட்டை வலியுறுத்தி எழுதியிருந்தார். புகலிட நாடகங்களில் நடிப்பு கழுத்துக்கு மேலே நின்றுவிடுகிறது என்ற அவரது குற்றச்சாட்டில் எனக்கு முழு உடன்பாடு. வானொலி நாடகத்துக்குப் பழகிய குரலை மேடையில் நிறுத்திவைத்துவிட்டு, அதன்கீழ் ஓர் உடல் தொங்கிக்கொண்டிருப்பதை நாம் எத்தனையோ மண்டபங்களில் பார்த்துவிட்டோம். அவர் தரும் மருந்தில்தான் எனக்குப் பிரச்சினை.

நாட்டைவிட்டு வெளியேறும்வரை நாடகமும் அரங்கியலும் கற்பித்தவன் நான். இப்போது வட இங்கிலாந்தில் உறையவைத்த உணவைப் பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில், பெல்ற்றின் முடிவில் நின்று பெட்டி அடுக்குகிறேன். எனவே உடற்பிரக்ஞை என்பது எனக்குப் புத்தக விஷயமாகவும் நாரி விஷயமாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அலெக்சாண்டர் முறை. மேற்கின் நாடகப் பள்ளிகள் பலவற்றில் இது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி; நமது பட்டறைகளுக்கும் அங்கிருந்தே வந்து சேர்ந்தது. ஃபிரெடெரிக் மத்தையஸ் அலெக்சாண்டர் 1869இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாவில் பிறந்தவர். ஷேக்ஸ்பியரின் பகுதிகளை மேடையில் தனித்து நின்று ஒப்புவித்துப் பிழைத்தவர். மேடை ஏறினால் குரல் கம்மிவிடும். வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்னார்; ஓய்வெடுத்தால் குணமாகும்; மறுபடி மேடை ஏறினால் மறுபடி கம்மும். அப்படியானால் வருத்தம் தொண்டையில் இல்லை, ஒப்புவிக்கும்போது தான் செய்யும் ஏதோவொன்றில் இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். கண்ணாடி முன் நின்று தன்னையே பார்க்கத் தொடங்கினார். பேச வாயெடுத்த கணத்திலேயே தலை பின்னும் கீழுமாக இழுபடுகிறது, குரல்வளை அமுங்குகிறது, மூச்சு ஓசையோடு உள்ளே இழுக்கப்படுகிறது, பாத விரல்கள்கூட நிலத்தைக் கவ்விப் பிடிக்கின்றன.

இதுவரை எவரும் கண்டுபிடிக்கக்கூடியதுதான். அடுத்த படியில்தான் அவரது மேதைமை. தலையை முன்னும் மேலுமாகக் கொண்டுபோகிறேன் என்று அவர் நூறு வீதம் உணர்ந்துகொண்டிருந்தபோது, பக்கங்களில் வைத்த கண்ணாடிகள் அது இன்னும் பின்னுக்கே போய்க்கொண்டிருப்பதைக் காட்டின. அதாவது, தன் உடலைப் பற்றி ஒருவர் உள்ளிருந்து பெறும் உணர்வு பொய் சொல்கிறது. நெடுநாள் கூனியவருக்குக் கூனலே நேர். யாராவது அவரை நிமிர்த்தினால் சரிந்து விழப்போவதாக உணர்வார். ஆகவே சரியாகச் செய்ய முயல்வதில் பயனில்லை. தவறாகச் செய்யத் துடிக்கும் முதற்கணத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும். இந்த நிறுத்தத்தை அவர் தடுத்தல் என்றார். 1904இல் லண்டனுக்கு வந்தார்; 1955இல் இறக்கும்வரை கற்பித்தார். பெர்னாட் ஷோ, ஆல்டஸ் ஹக்ஸ்லி, தத்துவவாதி ஜோன் டூயி போன்றோர் அவரது மாணவர்கள்.

நமது மேடைக்கு இதைவிட அவசரமான பாடம் இருக்கமுடியாது. உள்ளே உணர்ந்தால் வெளியே தெரியும் என்பது நமது நடிகர்கள் பலரின் நம்பிக்கை. இயக்குநர்கள் பலரின் ஒரே அறிவுறுத்தலும் அதுதான். நடிகர் உள்ளே உருகுகிறார், அழுகிறார், வீடு திரும்பும்போது இன்று நல்லாய் வந்தது என்று நினைக்கிறார். சபையோரோ காதுவரை உயர்ந்த இரண்டு தோள்களையும் முறுக்கேறிய கழுத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். கழுத்து முறுகினால் குரல் தடிக்கும், எல்லா வசனமும் ஒரே சுருதியில் வரும், கோபமும் துக்கமும் ஒரே மாதிரிக் கேட்கும். குறை உணர்ச்சியில் அல்ல என்பதை விளங்கிக்கொள்ள அலெக்சாண்டரின் கண்ணாடி போதும்.

நாரி நோவைப் பொறுத்தவரையும் அந்த மனிதர் கைகாரர்தான். 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இங்கிலாந்தில் நாட்பட்ட நாரி நோவுள்ள 579 பேரை வைத்து நடத்தப்பட்டது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் ஒரு வருடம் கழித்து மாதத்தில் 21 நாட்கள் நோவோடு இருந்தார்கள். 24 அலெக்சாண்டர் பாடங்கள் பெற்றவர்களுக்கு அது 3 நாட்கள். இந்த எண்களை வாசித்தபோது எனக்கு ஏற்பட்டது பொறாமை என்றே சொல்லவேண்டும். 24 பாடங்களுக்கான கட்டணம் எனது வாரச் சம்பளத்துள் அடங்காது.

ஆனால் பழக்கம் என்ற சொல்லில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அலெக்சாண்டரைப் பொறுத்தவரை பழக்கம் என்பது தனிமனிதர் தன்னை அறியாமல் தனக்கே செய்துகொள்ளும் கேடு. 1910இல் வெளியான அவரது முதல் நூலில் நாகரிகமடைந்த மனிதரையும் 'காட்டுமிராண்டி' மனிதரையும் படிவரிசையில் அடுக்கி, பின்னவர் வெறும் உள்ளுணர்வால் இயங்குபவர், பிரக்ஞைபூர்வமான கட்டுப்பாடு முன்னவருக்கே உரிய அடுத்த கட்டம் என்று எழுதுகிறார். இன்று அம்முறையைக் கற்பிப்போரில் பலர் இதனால் சங்கடப்படுகிறார்கள், சரிதான். ஆனால் அந்தப் படிவரிசை நூலில் மட்டும் தங்கிவிடவில்லை என்பது எனது எண்ணம். நிமிர்ந்த, தளர்ந்த, எடையற்ற ஓர் உடலை இயற்கையான உடல் என்று அழைக்கும்போதெல்லாம் அது திரும்பி வருகிறது. யாருடைய இயற்கை?

எனது பெல்ற்றில் நிமிடத்துக்குப் பதினொரு பெட்டி வரும். இடப்பக்கம் எடுத்து வலப்பக்கம் பலற்றில் வைக்கவேண்டும். வேலையில் சேர்ந்த நாளில் ஒரு படம் போட்டுக்காட்டினார்கள்: முழங்காலை மடி, முதுகை நேராக வை, பெட்டியை உடலோடு அணைத்துப் பிடி, பாதத்தைத் திருப்பு. மிகச் சரியான அறிவுரை, அலெக்சாண்டரே தந்திருக்கக்கூடியது. அதன்படி ஒரு பெட்டியை வைத்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு பெட்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். எனவே இடுப்பை முறுக்கித்தான் வைக்கவேண்டும். எங்கள் வரிசையில் நிற்கும் பத்துப்பேரும், அவர்கள் போலந்தாக இருந்தாலென்ன, எரித்திரியாவாக இருந்தாலென்ன, முல்லைத்தீவாக இருந்தாலென்ன, ஒரே பக்கமாகத்தான் முறுகியிருக்கிறோம். இதை ஒவ்வொருவரதும் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? அது பெல்ற் எழுதிய எழுத்து.

இந்த இடத்தில்தான் நண்பரிடமிருந்து நான் விலகுகிறேன். அந்த எழுத்தை அழித்துவிட்டு வா என்று ஒரு நடிகரிடம் கேட்பது, மேடைக்கு அவர் கொண்டுவரக்கூடிய ஒரே சொத்தை வாசலில் விட்டுவிட்டு வரச்சொல்வதாகும்.

ஓர் உதாரணம். 1949 ஜனவரியில் பேர்லினில் பிறெக்ட்டின் 'தாய் கரேஜ்' மேடையேறியபோது ஹெலன வைகல் அதில் கரேஜாக நடித்தார். தன் மகனின் உயிருக்கு விலை பேசி, வண்டியை இழக்க மனமின்றிப் பேரத்தை நீட்டிக்கொண்டே போகிறாள் அந்தத் தாய். இதற்கிடையில் துப்பாக்கிச் சூடு கேட்கிறது. வைகல் தலையைப் பின்னுக்கு வளைத்து வாயை அகலத் திறந்தார். சத்தம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டு அரங்கின் மிகப்பெரிய கணங்களில் ஒன்றாக அந்த ஓசையற்ற அலறல் இன்றும் பேசப்படுகிறது. சிங்கப்பூர் குண்டுத்தாக்குதலின்போது, இறந்த மகனின் உடலருகே குந்தியிருந்த ஓர் இந்தியப் பெண்ணின் பத்திரிகைப் புகைப்படத்திலிருந்தே அது பெறப்பட்டிருக்கலாம் என்று பிறெக்ட் தனது குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்தத் தலையைக் கவனியுங்கள். பின்னும் கீழுமாக இழுபட்ட தலை, அமுங்கிய குரல்வளை, திறந்தும் பயனற்ற வாய். அலெக்சாண்டர் கண்ணாடியில் கண்டு பயந்த அதே வடிவம்! நடிகரின் அழிவு என்று அவர் குறித்துவைத்த வழுவே வைகலின் உச்சம். ஒரு பேரழிவு ஒரு பெண்ணின் கழுத்தில் எழுதியதை இன்னொரு பெண் படித்து எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார். வெற்றுத்தாளாக நின்றிருந்தால் இது நடந்திராது.

இதை அலெக்சாண்டருக்கு எதிரான வாதமாக மட்டும் வாசிப்பதும் தவறு. வைகல் இதை ஒருநாள் மட்டும் செய்யவில்லை. வருடக்கணக்காக, இரவுக்கிரவு செய்தார். ஒவ்வொரு இரவும் அந்த வளைவுக்குள் போய், அடுத்த காட்சிக்கு மீண்டு வந்தார். பிணத்தை முன்னால் கொண்டுவந்து காட்டும்போது இவனைத் தெரியாது என்று தலையசைக்கவேண்டியிருக்கிறதே. அதற்குக் கழுத்து இளகியிருக்கவேண்டும். போகவும் வரவும் தெரிந்த கழுத்து அது. உடற்பிரக்ஞைப் பயிற்சியால் நடிகருக்கு ஆகக்கூடியது இதுதான் என்பது எனது வாதம்: பழக்கத்துக்குள் தெரிந்தே நுழையவும், தெரிந்தே வெளியேறவும் ஒரு கதவு. பெல்ற்றில் நிற்பவருக்கு அந்தக் கதவு இல்லை. வேலை முடிந்தாலும் முறுக்கு அவரோடுதான் வீட்டுக்கு வருகிறது. அவர் நடிகராகும்போது முதன்முதலாக அந்தக் கதவைத் திறந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

(வைகல் பற்றி இன்னொன்று. 1933 முதல் பதினைந்து வருட அகதி வாழ்வில் அவருக்கு மேடை கிடைத்தது மிக அபூர்வம். அமெரிக்காவில் ஒரு திரைப்படத்தில் வசனமில்லாத சிறு பாத்திரம். மீதி எல்லாம் சமையலும் வீடும். 1949இல் மேடை ஏறிய உடலுக்குள் அந்தப் பதினைந்து வருடங்களும் இருந்தன. நமது நடிகைகளுக்கு இது சொல்லப்படவேண்டும்.)

உடலையும் வேலையையும் இணைத்துப் பார்த்தவர்கள் அரங்க வரலாற்றில் இல்லாமலில்லை. 1922இல் மெயர்ஹோல்ட் மொஸ்கோவில் உயிர்ப்பொறியியல் என்ற பயிற்சிமுறையை முன்வைத்தார். அம்பெய்தல், கல்லெறிதல், கன்னத்தில் அறைதல் என்று வகுக்கப்பட்ட அசைவுத் தொடர்கள். ஒவ்வோர் அசைவும் எதிர்த்திசையில் ஒரு பின்வாங்கலோடு தொடங்கும், பிறகு செயல், பிறகு ஒரு முற்றுப்புள்ளி. அவ்வருடம் அவர் மேடையேற்றிய 'பெருந்தன்மையுள்ள ஏமாளிக் கணவன்' நாடகத்தில் நடிகர்கள் தொழிலாளரின் மேலங்கி போன்ற நீல உடையில் வந்தார்கள். அவருக்கு ஆதர்சம் யாரென்று பார்த்தால், சாட்சாத் ஃபிரெடெரிக் ரெய்லர்தான். நேரமானியைக் கையில் பிடித்து வேலையாளின் அசைவுகளை அளந்து வெட்டிய அதே அமெரிக்கர். வீணசைவு இல்லாத திறமையான தொழிலாளியே வருங்கால நடிகருக்கு முன்மாதிரி என்று மெயர்ஹோல்ட் பேசினார். ரெய்லரைப் புரட்சிக்கு வேலைசெய்ய வைக்கலாம் என்று அன்று பலர் நம்பினார்கள். மொஸ்கோவில் உழைப்பு நிறுவனத்தை நடத்திய கவிஞர் கஸ்தேவ் 1939இலும், மெயர்ஹோல்ட் 1940 பெப்ரவரி 2ஆம் திகதியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இதன்மேல் நான் எதையும் சேர்க்க விரும்பவில்லை. தொழிலாளியின் உடலை வெளியிலிருந்து வியந்த கலைஞருக்கு அது இயந்திரமாகவே தெரிந்தது என்று மட்டும் குறித்துவிட்டுப் போகிறேன்.

ஸ்ரனிஸ்லவ்ஸ்கிக்கும் இதில் ஒரு பங்குண்டு. தசைகளைத் தளர்த்துவது பற்றிய அவரது அத்தியாயத்தில், ஆசிரியர் ஒரு மாணவனைப் பெரிய பியானோவின் மூலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, 37ஐ 9ஆல் பெருக்கு என்பார். மாணவனால் முடியாது. கீழே வைத்தபின்தான் மூளை வேலைசெய்யும். இறுகிய தசை உள்வாழ்வை அடைத்துவிடும் என்பது பாடம். வகுப்பில் இதை நான் சொல்லாத வருடமில்லை. இப்போது வேறொன்று தோன்றுகிறது. நாங்கள் பெட்டி தூக்கியபடியே சீட்டுக்காசுக் கணக்கும் ஊர்க்காணிப் பிரச்சினையும் பேசுகிறோம். பாரம் தூக்குவது தொழிலானவருக்கு, எந்தத் தசை வேண்டும், எது வேண்டாம் என்று உடல் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் மாணவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பாரம் தூக்கியவன் போலும்.

எனக்கு நெருக்கமானவர் றுடோல்ஃப் லாபான். 1879இல் இன்றைய பிராத்திஸ்லாவாவில் பிறந்தவர். ஜேர்மனியில் நவீன நடனத்தின் தந்தையருள் ஒருவர். அசைவைக் குறியீடுகளால் எழுதிவைக்கும் முறையொன்றை 1928இல் வெளியிட்டவர். 1929இல் வியன்னாவில் கைத்தொழில்களின் மாபெரும் ஊர்வலமொன்றை அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. தச்சர், கொல்லர், சப்பாத்துத் தொழிலாளர் என்று ஒவ்வொரு தொழிலாளர் கூட்டமும் வேலைசெய்யும் விதத்தைப் பார்த்து, அந்த அசைவிலிருந்தே அவர்களது நடனத்தை எடுத்தார். இதைப் பாராட்டும்போதே மற்றதையும் சொல்லவேண்டும். 1934 முதல் நாஸிப் பிரச்சார அமைச்சின் கீழ் அவர் பதவி வகித்தார். 1936 பேர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி அவர் தயாரித்த பெரும் கூட்டு நடனத்தைக் கோயபல்ஸ் ஒத்திகையில் பார்த்து நிறுத்தினான். அதன்பிறகே அவருக்கு இறங்குமுகம். அவரது மாணவர் கூர்ட் யூஸ், தனது குழுவின் யூத இசையமைப்பாளரை நீக்க மறுத்து 1933இலேயே வெளியேறியவர். லாபான் துரத்தப்படும்வரை இருந்தார். நாடுகடந்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக நாடு கடந்தவர்களல்ல என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

1938இல் லாபான் நோயாளியாக, கையில் ஒன்றுமில்லாமல் இங்கிலாந்தின் டாட்டிங்ரனுக்கு வந்து சேர்ந்தபோது, அவருக்கு அடைக்கலம் தந்த இடத்தில் யூஸ் ஏற்கெனவே இருந்தார். ரஷ்யாவை விட்டு வெளியேறிய மிக்கேல் செக்கோவின் நடிப்புப் பள்ளியும் 1936 முதல் அங்கேதான் இயங்கிவந்தது. உடலையும் நடிப்பையும் பற்றி இன்று பட்டறைகளில் நாம் கேட்கும் பாதி விஷயங்கள் அந்தக் கிராமத்துத் தோட்டத்தில் கூடிய அகதிகளின் பேச்சிலிருந்து வந்தவை.

யுத்தம் வந்தது. எதிரிநாட்டவர் என்று கரையோரத்திலிருந்து லாபான் அகற்றப்பட்டார். மான்செஸ்ரரில் எஃப். சி. லோறன்ஸ் என்ற தொழில்துறை ஆலோசகரோடு சேர்ந்து அவர் தொழிற்சாலைகளுக்குள் போகத் தொடங்கியது அப்போதுதான். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்கள் பாரவேலைக்கு வந்திருந்த காலம். டயர் புதுப்பிக்கும் தொழிற்சாலையில் பெண்கள் தம்மால் தூக்கமுடியாத பாரத்தைத் தசைவலுவால் தூக்க முயலாமல், உடலின் எடையை ஊஞ்சல்போல் ஆட்டி அந்த வீச்சிலேயே நகர்த்தப் பழக்கினார். ரெய்லரிடம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரேயொரு சிறந்த அசைவுதான் உண்டு. லாபான் வேலைசெய்பவரைப் பார்த்தார்: இவரது தாளம் என்ன, எங்கே பாரம் விழுகிறது, ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு உடல் எங்கே இளைப்பாறுகிறது? 1947இல் இருவரும் சேர்ந்து 'முயற்சி' என்ற நூலை வெளியிட்டார்கள். மூன்று வருடம் கழித்து வந்த நூல் மேடை அசைவு பற்றியது. இடையில் முறிவில்லை. தொழிற்சாலையில் கண்டதுதான் மேடைக்குப் போனது. யுத்தகாலத்தில் அவருக்கு உதவியாளராகத் தொழிற்சாலைகளில் பயிற்சி கொடுத்த ஜீன் நியூலவ்தான் பின்னர் ஜோன் லிற்றில்வூட்டின் தொழிலாளர் சார்ந்த நாடகக் குழுவுக்கு அசைவு கற்பித்தார்.

அவரது பகுப்பு எளிமையானது. எடை, வெளி, காலம், ஓட்டம். ஓர் அசைவு பாரமானதா இலேசானதா, நேரே போகிறதா வளைந்து போகிறதா, சடுதியா நிதானமா? இந்த மூன்றும் கூடிக்கலந்தால் எட்டு அடிப்படைச் செயல்கள். தமிழில் இவற்றுக்குச் சொல் தேடவேண்டியதில்லை. அடுப்படியிலும் வயலிலும் கிடக்கின்றன. அழுத்துதல், குத்துதல், பிழிதல், வெட்டி வீசுதல், தட்டுதல், உதறுதல், வழுக்கிச் செல்லுதல், மிதத்தல். பிழிதல் என்றால் பாரம், வளைவு, நிதானம். உதறுதல் என்றால் இலேசு, வளைவு, சடுதி. ஒருவர் துணி பிழிவதைப் போலவே மன்னிப்புக் கேட்கமுடியும். ஒருவர் ஈரக்கையை உதறுவதைப் போலவே மகளின் கேள்வியை உதறமுடியும். நடிகருக்கு இது உள்ளே உணர் என்ற கட்டளையைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது. ஏனெனில் இதைச் செய்துபார்க்கலாம், மாற்றலாம், வெளியே நிற்பவர் பார்த்துச் சொல்லலாம்.

நமது கூத்தில் இது வேறு வழியில் நடந்தது என்பதையும் இங்கே குறிக்கலாம். அறுபதுகளில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோது வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். அண்ணாவியாரிடம் தளர்வு, நடுநிலை என்ற பேச்செல்லாம் கிடையாது. மத்தளமும் தாளக்கட்டும்தான். காலில் தாளம் விழுந்தால் முதுகு தானாகத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். கரப்புடுப்பின் பாரம் நடையைத் தீர்மானிக்கும். பகலில் வயலிலும் கடலிலும் பாரம் கண்ட உடல்கள் இரவில் களரியில் அதே பாரத்தைத் தாளத்தில் ஏற்றின. அதை இங்கே அப்படியே கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை. கூத்தை நாட்டுப்புற ஆபரணமாக வெட்டி ஒட்டும் நாடகங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

சென்ற வருடம் நான் போயிருந்த ஒத்திகையொன்றை மட்டும் சொல்கிறேன். பயிற்சி கொடுத்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த, நாடகப் பள்ளியில் படித்த இளைஞர், திறமைசாலி, பணிவானவர். தகப்பன் பாத்திரத்துக்கு இருபது வருடமாக ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவும் ஒருவர். நடுநிலையாக நடக்கவேண்டும்.

"அங்கிள், தோளை விடுங்கோ."

"விட்டிட்டன் தம்பி."

"இல்லை அங்கிள், இன்னும் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறீங்கள்."

"இதுக்கு மேலை விட்டால் கழண்டு விழுந்திடும்."

எல்லோரும் சிரித்தார்கள். இருவர் சொன்னதும் உண்மை. அலெக்சாண்டரின் கண்ணாடி இதைத்தான் காட்டியது. அரை மணித்தியாலம் நடந்தும் அவர் நடுநிலைக்கு வரவில்லை. மேலும் இறுகித்தான் போனார், தன் உடலே ஒரு குற்றம் என்று சொல்லப்பட்டவர்போல. பிறகு தம்பி ஒன்று செய்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். நடையை விட்டுவிட்டு, வேலையிடத்தில் செய்வதைச் செய்துகாட்டுங்கோ என்றார். அண்ணை கோப்பையில்லாமல் கோப்பை கழுவத் தொடங்கினார். இடக்கை கோப்பையைச் சுழற்ற வலக்கை அழுத்தி வளைக்கிறது. நீராவிக்கு முகம் அரைப்பங்கு திரும்பியிருக்கிறது. கழுவிய கோப்பை கையைவிட்டு வழுக்கிப் போய் அடுக்கில் சேர்கிறது, பார்க்காமலே. ஒரு சொட்டு வீணசைவு இல்லை. தோள் எப்போது இறங்கியதென்று அவருக்கே தெரியாது. பிறகு மெதுவாக, பிறகு பாதி அளவில், பிறகு மணிக்கட்டு மட்டும். கடைசியில் அதே மணிக்கட்டோடு, நாடகத்தில் மகனிடமிருந்து வந்த கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். கடிதத்தை அவர் கழுவினார் என்றுதான் சொல்லவேண்டும். முகம் நீராவிக்குத் திரும்புவதுபோலத் திரும்பியது. அதுவரை கையை உயர்த்தி முழங்கிய வசனத்தை இப்போது யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னார். கடைசி வாங்கில் இருந்த எனக்குக் கேட்டது.

இந்த வழியில் இரண்டு ஆபத்துகள் உண்டு. நண்பர் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். முதலாவது, இது சீக்கிரமே ஒரு பாணியாகிவிடும். மேடைதோறும் கோப்பை கழுவல், மேடைதோறும் பெட்டி தூக்கல், சபையில் உச்சுக்கொட்டல். வேலையின் அசைவு மேடையில் வேலையாகவே நின்றுவிட்டால் அது வெறும் படம். கடிதத்துக்கு மாறவேண்டும். இரண்டாவது இன்னும் கடினமானது. லாபானுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் முதலாளிகள். பெண்களின் நாரி தப்பியது உண்மை. உற்பத்தி பெருகியதும் அதே உண்மை. உடலைப் பற்றிய அறிவு எதுவும் அதைப் பணியவைக்கவும் உதவும் என்று ஃபூக்கோ எழுதியதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. இன்று எங்கள் தொழிற்சாலையில் ஒரு கருவி கையில் கட்டப்பட்டிருக்கிறது. எத்தனை பெட்டி, எத்தனை நொடி நின்றேன் என்று அது எண்ணுகிறது. ஒத்திகையில் நான் என் அசைவை மெதுவாக்கிப் பார்க்கும்போது அது எண்ணப்படுவதில்லை. இந்த வேறுபாடு போதுமா என்பதில் எனக்குத் தீர்மானமான பதிலில்லை, விவாதிக்கத் தயார்.

பட்டறையை ஒழுங்குசெய்பவர்களுக்கு நடைமுறையாக இரண்டு விஷயங்கள். அலெக்சாண்டர் பாடத்தில், முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து, தலைக்குக் கீழே சில புத்தகங்களை வைத்து இருபது நிமிடம் கிடக்கும் பயிற்சியொன்று உண்டு. அதைக் கட்டாயம் வையுங்கள், தொடக்கத்திலேயே வையுங்கள். வேலையிலிருந்து வருபவர்களுக்கு அது வேண்டும். மண்டபத்தின் சீமெந்து நிலத்துக்குப் பாய் கொண்டுவாருங்கள். புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, நம்மிடம் விற்காத தொகுப்புகள் நிறைய இருக்கின்றன. மற்றது, பட்டறை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். வெள்ளி இரவு வேலை ஆறு மணிக்கு முடிகிறது. கோப்பை கழுவுபவர்கள் படுக்கப் போவதே மூன்று மணிக்கு. பத்து மணிக்கு யாருடைய உடல்கள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை பின்னேரம் வையுங்கள். அன்று பல ரெஸ்ரோறன்றுகள் பூட்டு.